பொருந்தலையாம்

அந்த சோபா ரிப்பேர் கடையில் வேலை பார்த்த இரண்டு ஆண்களையும் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடவுள் உண்டு என்று வாதாடுகிறவர் பெயர் 'உண்டு'. இல்லை என்று வாதாடுகிறவர் பெயர் 'இல்லை'. புதிதாக வருகிற யாராவது "உண்டு இருக்காரா?" என்று கேட்டால், "உண்டு இல்ல. இல்லைதான் இருக்கார்" என்று பதில் வரும். வந்தவர் தன் நாற்காலியை இந்தக் கடையை நம்பி விட்டுப்போகலாமா என்று கொஞ்சம் யோசிப்பார்.

பட்டப்பெயரை வைத்தது, அதே கடையில் உறை தைக்கிற அவள்தான். உண்டு அவளுடைய அண்ணன், இல்லை அவளுடைய கணவன். ஒரு நாள் இருவரும் அவளுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று கத்திக்கொண்டிருந்தபோது, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டீங்க" என்றாள். கேட்டவர்கள் சிரித்த சிரிப்பில் அது தெருமுனை வரைக்கும் போய்விட்டது. அவள் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

கடை ஒரே நீள அறை. பசையின் நெடியும் பஞ்சுத் தூசியும் எப்போதும் இருக்கும். பழைய துணியைக் கிழித்து, சட்டத்தைச் சரிசெய்து, புதுத் துணியை இழுத்து ஆணி அடிப்பது கணவனின் வேலை. பஞ்சும் ஸ்பாஞ்சும் அடைப்பது அண்ணனின் வேலை. உறை தைப்பது அவள். ஒரு விரல் அகலம் கூடினால் சுருக்கம் விழும், குறைந்தால் யாராவது உட்காரும்போது மூலையில் தையல் விடும். பொருந்துகிறதா பொருந்தவில்லையா என்பதுதான் அவள் வேலையில் ஒரே கேள்வி. உறையைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதில் வாதாட ஒன்றும் இல்லை.

கணவன் சின்ன ஆணிகளை ஒரு பிடி வாயில் போட்டு அடக்கிக்கொள்வான். நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, காந்தச் சுத்தியலில் ஒட்டவைத்து அடிப்பான். அதனால் மச்சான் பேசும்போது அவனால் குறுக்கே பேச முடியாது. பேச வேண்டுமென்றால் எல்லா ஆணிகளையும் உள்ளங்கையில் துப்ப வேண்டும். அவன் கை வாய்க்குப் போனால் பதில் வருகிறது என்று பார்வையாளர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பார்வையாளர்கள் என்றால், யாரோ சரிசெய்யக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமலே போன பழைய மூன்று பேர் சோபாவில் தினமும் வந்து உட்காருகிறவர்கள். அதில் நிரந்தரமானவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவருடைய சாய்வு நாற்காலி எந்தக் காலத்திலோ சரியாகி வீட்டுக்குப் போய்விட்டது. அவர்தான் இன்னும் சரியாகவில்லை.

"ஆணி தன்னால போய் மரத்துல ஏறுமா மாப்ள?" என்பார் அண்ணன், பஞ்சை உதறிக்கொண்டே. "அடிக்கறதுக்கு ஒருத்தர் வேணும்ல?"

கணவன் ஆணிகளைத் துப்புவான். "அடிக்கறவன் நான். சாயங்காலமானா எனக்குத் தோள்பட்டை கழண்டு விழுது. உன் ஆளுக்கு எங்க வலிக்குதுன்னு கேட்டுச் சொல்லு மச்சான், தைலம் வாங்கித் தரேன்."

"நீ கிண்டல் பண்றியே, இந்த நாக்கைக் கொடுத்தது யாரு?"

"யாரோ கொடுத்திருந்தா உனக்கு ஏன் இவ்வளவு நீளமாக் கொடுத்தாங்க?"

வாத்தியார் தொடையைத் தட்டுவார். அவள் மிதிகட்டையை அழுத்துவாள். மெஷின் ஓசையில் கடவுள் கொஞ்ச நேரம் இருக்கவும் மாட்டார், இல்லாமலும் போக மாட்டார்.

வாதம் கடையில் தொடங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தொடங்கியது. மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுடைய இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. அம்மாவுடையது பொருந்துகிறது என்றார்கள். வேறு யாரையும் சோதிக்கக்கூட இல்லை. அம்மாவிடமிருந்து ஒன்றை எடுத்து மகளுக்கு வைத்தார்கள். டாக்டர் வெளியே வந்து, "ரெண்டு பேரும் நல்லாருக்காங்க" என்றதும் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடவுள் காப்பாத்திட்டார்" என்றார். கணவன், "கத்தியைப் பிடிச்சு இத்தனை நேரம் நின்னவர் இதோ நிக்கறார், அவர் காப்பாத்தினார்" என்றான். அவள் அப்போது மயக்கத்தில் இருந்தாள். கண் விழித்ததும் நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க ஆளுங்க வெளிய சண்டை போடறாங்க. புள்ளையக் காப்பாத்தினது யாருன்னு."

அவளுக்கு விலாவுக்குக் கீழே நெருப்பு வைத்தது போல வலித்தது. நானாக இருக்குமோ என்று ஒரு எண்ணம் வந்தது. மருந்தின் மயக்கத்தில் வந்த எண்ணம் என்று விட்டுவிட்டாள்.

அந்த ஆபரேஷனுக்கு முன்னால் நடந்த ஒன்றை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரி ஆலோசகர் அம்மா அவளை மட்டும் தனியறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "நல்லா யோசிங்கம்மா. மனசில்லன்னா இப்பவே சொல்லிடலாம். தப்பே இல்ல. நாங்க யார்கிட்டயும் காரணம் சொல்ல மாட்டோம். வெளிய போய், 'பொருந்தலையாம்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். கேட்டா நாங்களும் அதையேதான் சொல்லுவோம். கொடுக்க வர்ற எல்லார்கிட்டயும் இதைச் சொல்றது எங்க வழக்கம்."

அவள் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனியில் ஆணி மாதிரி வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "எடுத்துக்கங்க" என்றாள். தான் அந்த வார்த்தைக்கு எவ்வளவு பக்கத்தில் போய் வந்தாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். அதனால் பயந்தவர்களை அவள் ஒருநாளும் பழித்ததில்லை.

மகள் வளர்ந்தாள். வளர்ந்தாள் என்பதை விட, சாட்சிக் கூண்டில் வளர்ந்தாள் என்று சொல்லலாம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மாமா அவள் தலையில் கைவைத்து, "கடவுள் இல்லன்னா இவ ஏது?" என்பார். அப்பா, "மருந்தை ஒரு வாரம் நிறுத்திப் பாக்கலாமா, உன் கடவுள் என்ன செய்யறார்னு?" என்பான். சோபாவில் இருப்பவர்கள் பெண்ணை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "நான் ஆதாரம் நம்பர் ஒண்ணு" என்று மகள் அம்மாவிடம் சொல்வாள். வளர்ந்ததும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே யாரும் அவளைப் பார்க்க மாட்டார்கள், எழுத்துப் பலகையைத்தான் பார்ப்பார்கள் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

பிறகு மகளின் பாதம் வீங்கத் தொடங்கியது. செருப்பின் வார் பதிந்த இடம் மாலை வரை மேலெழும்பவில்லை. அம்மா கொடுத்தது தன் காலத்தை ஓட்டிவிட்டது என்றார் டாக்டர். இனி மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டே இருக்கலாம். அல்லது இன்னொரு சிறுநீரகம் கிடைத்தால் நல்லது.

அந்த நாட்களில் கடையில் நடந்த வாதத்தை மட்டும் அவள் தையல் மெஷினை நிறுத்திக் கேட்டாள்.

"கடவுள் எனக்கு எதுக்கு ரெண்டு கொடுத்தார்? இதுக்குத்தான்" என்றார் அண்ணன். "நான் கொடுக்கறேன்."

கணவன் ஆணிகளைத் துப்பினான். "இதுல அவரை எதுக்கு இழுக்கற? என் பொண்ணு. என் ரத்தம். நான் கொடுக்கறேன்."

"நீ கொடுத்தா அதுவும் அவர் கொடுத்ததுதான்."

"நீ கொடுத்தா அதுவும் டாக்டர் எடுத்ததுதான்."

வாத்தியார், "ஆகா" என்றார். அவளுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷ வெட்டிப் பேச்சும் இந்த ஒரு நாளுக்கான ஒத்திகை போலிருக்கிறது என்று நினைத்தாள். அன்றைக்கு இருவருக்கும் டீயில் சர்க்கரை கூடுதலாகப் போட்டாள்.

சோதனை செய்தார்கள். டாக்டர் நால்வரையும் உட்காரவைத்து, "அதிர்ஷ்டம்தான். ரெண்டு பேரோடதும் பொருந்துது. யாரோடதையும் எடுக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு கடையில் வாதத்தின் திசை மாறியது. மாறியதை முதலில் அவள் கவனிக்கவில்லை. உறையின் ஒரு பக்கம் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போவது போல அது நடந்தது.

"அப்பன்கிற உரிமை உனக்குத்தான் மாப்ள. நான் குறுக்க நிக்கக் கூடாது. கடவுள் பெத்தவங்களுக்குன்னு ஒரு கடமை வெச்சிருக்கார்."

"உரிமையாவது ஒண்ணாவது. யாரோடது நல்லா உழைக்கும்னுதான் பாக்கணும். உனக்குக் கெட்ட பழக்கம் எதுவும் இல்ல. அறிவியல்படி உன்னோடதுதான் தோது."

"நான் உன்னைவிட மூத்தவன்பா."

"சாமி கும்பிடறவங்க ரொம்ப நாள் இருப்பாங்கன்னு நீதானே சொன்ன?"

சோபாவில் சிரிப்பு எழுந்தது. அவள் கையில் வைத்திருந்த துணியை ஏற்கெனவே வெட்டிய கோட்டில் மறுபடி வெட்டிவிட்டாள்.

கடைசியாக ஒரு நாள் காலை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். ஆலோசகர் இருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும் என்றார். இவர் பழைய ஆலோசகர் அம்மா இல்லை, வயதில் சின்னவர். ஆனால் அதே அறை. கதவுக்கு மட்டும் புதிதாக வர்ணம் அடித்திருந்தார்கள். மகள் ஒரு டெஸ்டுக்காக மாடிக்குப் போயிருந்தாள். பெற்றவள் வராந்தாவில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியின் உறை மூலையில் கிழிந்திருந்தது. விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் கணவன் உள்ளே போனான். நேரம் ஆகும் என்று நினைத்தாள். ஆகவில்லை. வெளியே வந்தவன் வாயில் ஆணி இருப்பது போல உதட்டை இறுக்கியிருந்தான். அவளுக்கு எதிரே நின்று, அவள் தலைக்கு மேலே இருந்த ஜன்னலைப் பார்த்தான்.

"என்னங்க?"

"பொருந்தலையாம்" என்றான்.

 அண்ணன் எழுந்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார். அவர் வர நேரம் ஆனது. கதவுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெளியே வரும்போது கைக்குட்டை நனைந்திருந்தது. தங்கையின் தோளில் கைவைத்தார். கை சூடாக இருந்தது.

"என்னமா செய்யறது? கடவுள் மனசு வேற மாதிரி இருக்கு. எனக்கும் பொருந்தலையாம்."

அவள் நேராக எழுந்து அறைக்குள் போனாள். கதவைத் தானே சாத்தினாள்.

"முன்னால பொருந்துதுன்னு சொன்னீங்களே."

ஆலோசகர் மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி நகர்த்தி நேராக வைத்தார். "பொருந்தலம்மா. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"எங்கிட்டயும் இந்த அறையிலதான் சொன்னாங்க. வெளிய போய் அந்த ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் பேனாவைப் பார்த்தார்.  அவளுக்கு அது போதும்.

"என்கிட்ட இன்னொண்ணு இருக்கு. அதை எடுத்துக்க முடியுமா?"

"உங்ககிட்ட அது ஒண்ணுதாம்மா இருக்கு. அதுல எந்த டாக்டரும் கை வைக்க மாட்டாங்க." பிறகு மெதுவாக, "பொண்ணு பேரைக் காத்திருக்கறவங்களோட சேர்த்துடலாம். யாராவது இறந்து, அவங்க வீட்ல சம்மதிச்சா வரும்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஆண்கள் இருவரும் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். அம்மாவும் மகளும் பின்னால். மகள் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்திருந்தாள்.

"ரெண்டு பேருக்குமாம்மா பொருந்தல? அன்னைக்கு டாக்டர் அப்படிச் சொல்லலையே."

அவள் முன்சீட்டில் தெரிந்த இரண்டு பின்னந்தலைகளைப் பார்த்தாள். ஒன்று நரைத்தது, ஒன்று வழுக்கை. உண்மையைச் சொன்னால் இந்தப் பெண்ணுக்கு மெஷின் இருக்கும், ஆனால் அப்பாவும் மாமாவும் இருக்க மாட்டார்கள்.

"கடைசி டெஸ்ட்ல ஏதோ வந்திருக்காம்டி. பொருந்தலையாம்."

அந்த வார்த்தை இப்போது அவள் வாயிலிருந்தும் வந்துவிட்டது. அன்று விழுங்கியது இத்தனை காலம் வயிற்றில் கிடந்து இன்று மேலே ஏறி வந்தது போல.

 ஒரு நிறுத்தம் தாண்டியது, இன்னொன்றும் தாண்டியது. அப்புறம் அண்ணன் பெருமூச்சு விட்டு, "எல்லாம் அவர் போட்ட கணக்கு" என்றார்.

"என்ன கணக்கு? சின்னப் பொண்ணை மெஷின்ல படுக்கவைக்கற கணக்கா?"

"நமக்குப் புரியலங்கறதுக்காகக் கணக்கு தப்புன்னு ஆயிடுமா மாப்ள?"

"இனிமே என்ன வேண்டிக்குவ? யாராவது சீக்கிரம் சாகணும்னா? உன் ஆள்கிட்ட யாரைன்னு சொல்லுவ? முகவரி கொடுப்பியா?"

"அப்படி யாரு வேண்டுவா? நல்லது நடக்கணும்னு வேண்டுவேன்."

"அந்த நல்லது இன்னொரு வீட்டுல எழவு மச்சான்."

குரல்கள் சூடு பிடித்தன. கணவனின் கழுத்து நிமிர்ந்தது. அண்ணனின் கை காற்றில் எழுந்து வானத்தைக் காட்டியது. மகள் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். "ஆரம்பிச்சுட்டாங்க. நல்லவேளை, எங்கே ரெண்டு பேரும் உடைஞ்சு போயிடுவாங்களோன்னு பயந்தேன்."

அப்போதுதான் அவளுக்கு அது புரிந்தது. இவ்வளவு காலம் கண்ணெதிரே கிடந்தும் தெரியாமல் போனது. மேலே பார்த்துப் பேசினால் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கடவுள் இருந்தால் அவர் மேல் போடலாம். இல்லாவிட்டால், இல்லை என்பதன் மேல் போடலாம். இரண்டிலும் நமக்குப் பங்கு வராது. ஒருவர், ஒரே ஒருவர், "பயந்துட்டேன்" என்று சொல்லியிருந்தால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும்தான் பயந்தேன்" என்று சொல்லியிருப்பாள். அதைச் சொல்ல இருவருக்கும் ஒரு நிமிடம் போதும். இப்போது போகிற வேகத்தைப் பார்த்தால் வீடு வரைக்கும் கடவுள்தான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷின் தொடங்கியது. போய்வந்த நாளில் மகள் கசக்கிப் போட்ட துணி மாதிரி கிடப்பாள். கண்ணாடிக் கடையில் பாதி நாள்தான் வேலை என்றார்கள். பிறகு அதுவும் வேண்டாம் என்றார்கள். கடையில் உண்டும் இல்லையும் முன்பைவிடக் கூர்மையாக வாதாடினார்கள். இப்போது புதுச் சரக்கு வந்திருந்தது. நல்லவர்களுக்கு ஏன் துன்பம், மெஷினைக் கண்டுபிடித்த மூளையைக் கொடுத்தது யார், இயற்கைக்குக் கண் உண்டா. சோபாவில் இடம் போதாமல் ஒருவர் கைப்பிடியில் உட்கார்ந்தார்.

ஒரு நாள் முற்பகல், ஒரு வழக்கறிஞர் வீட்டு சோபாவுக்கு அவள் உறை தைத்துக்கொண்டிருந்தாள். வாதம் நின்று மூச்சு வாங்கிய இடைவெளியில் வாத்தியார் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இத்தனை வருஷமா கேட்டுட்டே இருக்கீங்க. நீங்க ஒரு நாளும் வாயைத் திறக்கலையே. நீங்க சொல்லுங்க. உண்டா, இல்லையா?"

எல்லோரும் சிரிக்கத் தயாரானார்கள். அவள் ஊசியைத் துணியில் இறக்கி நிறுத்தினாள்.

"ஒண்ணு இருந்துச்சு. கொடுத்துட்டேன். இன்னொண்ணு இருக்கு. கேட்டேன், அதை எடுக்க மாட்டாங்களாம்."

வாத்தியாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அண்ணன் விடவில்லை. அவர் முகம் பளிச்சென்று ஆனது.

"பாத்தியா மாப்ள? இப்ப பேசு. பெத்த புள்ளைக்கு உடம்பைக் கிழிச்சுக் கொடுத்தாளே, அந்த மனசை இவளுக்குள்ள வெச்சது யாரு?"

கணவன் அவசரமாக ஆணிகளைத் துப்பினான். "யாரும் வெக்கல. தாய்க்கு அது இயற்கை. மிருகத்துக்கும்தான் இருக்கு."

"இயற்கையை வெச்சது யாரு?"

"யாருமே வெக்கலன்னு சொல்றேன்ல."

"வெச்சுப் பாத்திருப்பாங்கண்ணே" என்றாள் அவள்.

அவள் வாதத்துக்குள் வந்ததே இல்லை. இருவரும் திரும்பினார்கள்.

"உங்க ரெண்டு பேருக்குள்ளயும் வெச்சுப் பாத்திருப்பாங்க" என்று அவள் உறையின் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னாள். பிறகு முதலில் கணவனையும் அடுத்து அண்ணனையும் நேராகப் பார்த்தாள். "பொருந்தலையாம்."

அந்த வார்த்தையை அவள் சொன்ன விதத்தில் ஆஸ்பத்திரி அறையில் சாத்திய அந்தக் கதவு இங்கே திறந்துகொண்டது. அண்ணனின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் குனிந்தபடியே அதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார், அவ்வளவு பஞ்சு அங்கே இல்லாதபோதும். கணவன் உள்ளங்கையில் இருந்த ஆணிகளைப் பார்த்தான். பெட்டியிலிருந்து இன்னொரு பிடி எடுத்தான். எல்லாவற்றையும் சேர்த்து வாய்க்குள் போட்டுக் கன்னம் புடைக்க அடைத்துக்கொண்டான். உதட்டோரத்தில் ஒரு சிவப்புத் துளி வந்தது. துடைக்கவில்லை.

சோபாவில் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காத்திருந்தார்கள். 

"என்னமா நீங்க" என்றார் வாத்தியார் கடைசியில், குறைபட்டுக்கொள்ளும் குரலில். "நல்லாப் போயிட்டிருந்துச்சு."

அவள் உறையைப் புரட்டி, மறுபக்கம் தைக்கத் தொடங்கினாள்.